ஒன்றும் ஒன்றும் முப்பத்திரண்டு

கம்ப்யூட்டருக்குக் கூட்டத் தெரியும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அதற்காகத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். ஆனாலும் என் மேசைமேல் இருந்த லினக்ஸ் கம்ப்யூட்டரிடம், பாட்டு ஓடும்போது கூடவே ஒரு 'டிங்' போடச் சொன்னால் அது கையை விரித்துவிடும். கணக்கு ஒன்றும் பிரமாதமில்லை. டிஜிட்டல் ஒலி என்பது எண்களின் வரிசை. சிடி தரம் என்றால் ஒரு காதுக்கு நொடிக்கு 44,100 எண்கள், ஒவ்வொன்றும் மைனஸ் 32,768-க்கும் பிளஸ் 32,767-க்கும் நடுவில். பாட்டின் முதல் எண்ணோடு 'டிங்'கின் முதல் எண்ணைக் கூட்ட வேண்டும், இரண்டாவதோடு இரண்டாவதை. கூட்டுத்தொகை எல்லையைத் தாண்டினால் கரகரக்கும் என்பதால் இரண்டையும் கொஞ்சம் அடக்கிவிட்டுக் கூட்ட வேண்டும். அவ்வளவுதான் சங்கதி. மூன்றாம் வகுப்புப் பிள்ளை போடும் இந்தக் கணக்கை யார் போடுவது, சவுண்டு கார்டின் சில்லா, லினக்ஸின் உட்கருவான கெர்னலா, தனி நிரலா என்று முடிவு செய்ய லினக்ஸ் உலகத்துக்கு ஏறக்குறைய முப்பது வருடம் பிடித்தது. அதில் பெரும்பகுதியை நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன். சில சமயம் கோஷமும் போட்டேன்.

விண்டோஸ் 95 காலத்து அசெம்பிள்டு கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தவர்களுக்குச் சவுண்டு கார்டு ஞாபகம் இருக்கும். ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் இரண்டு கையாலும் அழுத்திச் செருக வேண்டிய நீளப் பலகை. ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1, போர்ட் 220. எந்த கேமைப் போட்டாலும் அது முதலில் இந்த மூன்றைத்தான் விசாரிக்கும். தப்பாகச் சொன்னால் சத்தமே வராது, அல்லது ஒரே துண்டுச் சத்தம் திரும்பத் திரும்ப வந்து கம்ப்யூட்டர் உறைந்துவிடும். டாஸ் காலத்து ஆட்கள் தங்கள் ரத்த வகையை மறந்தாலும் 'ஏ220 ஐ5 டி1' என்பதை மறக்க மாட்டார்கள்.

அந்தக் கார்டில் கலக்கும் வேலை ஒயர்களில் நடந்தது. சிடி டிரைவின் பின்பக்கத்திலிருந்து மெல்லிய நாலு பின் ஒயர் ஒன்று கார்டுக்குப் போகும். ஆடியோ சிடியைப் போட்டால் டிரைவே அதை வாசித்து, ஒலி அலையாக்கி, அந்த ஒயரில் அனுப்பிவிடும். பிராசஸருக்கு இதில் பங்கே கிடையாது. டிரைவின் முகப்பிலேயே ஹெட்ஃபோன் ஓட்டையும் வால்யூம் சக்கரமும் இருக்கும். சிலவற்றில் பிளே பொத்தானும் உண்டு. விண்டோஸ் நீலத் திரை காட்டி உயிரை விட்ட பிறகும் பாட்டு மட்டும் எந்தத் துக்கமும் இல்லாமல் தொடர்ந்து ஓடும். டிவி ட்யூனர் கார்டின் ஒலி லைன்-இன் வழியாக வரும். யமஹாவின் எஃப்எம் சில்லு மிடி இசையைத் தயாரிக்கும். மைக் தனி, வேவ் ஃபைல் தனி. எல்லாம் கார்டிலேயே இருக்கும் மிக்ஸர் சில்லில் வந்து சேரும், ஒவ்வொன்றுக்கும் தனி வால்யூம். யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

அனுமதி என்றதும் சிம் வோங் ஹூவைச் சொல்லாமல் போக முடியாது. சிங்கப்பூரில் 1981-ல் கிரியேட்டிவ் நிறுவனத்தைத் தொடங்கியவர். 1989-ல் அதன் சவுண்டு பிளாஸ்டர் கார்டு வந்தது. 1992-ல் அவர் கம்பெனி அமெரிக்காவின் நாஸ்டாக்கில் பட்டியலான முதல் சிங்கப்பூர் கம்பெனியானது. அந்த மனிதர் 1999-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் தன் நாட்டுக்காரர்களுக்கு ஒரு வியாதி இருப்பதாகச் சொன்னார். அமெரிக்காவில் 'திரும்பக் கூடாது' என்று பலகை இல்லாத இடத்தில் வண்டியைத் திருப்பிக்கொள்ளலாம். சிங்கப்பூரில் 'திரும்பலாம்' என்று பலகை இருந்தால்தான் திருப்ப முடியும். மேலிடம் அனுமதிக்காத எதையும் செய்யத் துணியாத இந்த மனப்பான்மைக்கு அவர் வைத்த பெயர் இன்றும் சிங்கப்பூரில் புழங்குகிறது. அவர் விற்ற கார்டை லினக்ஸில் போட்டவர்களுக்கு அந்த வியாதி என்னவென்று புத்தகத்தைப் படிக்காமலே விளங்கியது.

லினக்ஸ் எனக்குப் பத்திரிகையோடு இனாமாக வந்த சிடியில் கிடைத்தது. அதில் ஒலிக்கு ஓஎஸ்எஸ் என்று ஒரு ஏற்பாடு. பின்லாந்துக்காரர் ஹன்னு சவோலைனன் 1992-ல் தொடங்கிய வேலை. யுனிக்ஸ் சம்பிரதாயப்படி எல்லாமே ஃபைல் என்பதால், சவுண்டு கார்டும் 'டெவ் டிஎஸ்பி' என்ற பெயரில் ஒரு ஃபைல். அதில் எண்களை எழுதினால் ஒலி வரும். எந்த எண்ணை எழுதினாலும் வரும். கெர்னலையே அதில் கொட்டிக் கேட்ட புண்ணியவான்கள் உண்டு. நானும் கேட்டிருக்கிறேன், பரவாயில்லாத இசை. அழகான, எளிமையான ஏற்பாடு. ஒரே ஒரு நிபந்தனை: அந்த ஃபைலை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் திறக்க முடியும். இரண்டாவதாக வருபவருக்கு 'டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி' என்று பதில்.

ஒண்டுக்குடித்தனத்தில் குடியிருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எட்டுக் குடித்தனத்துக்கு ஒரே குளியலறை. பாட்டு நிரல் காலையிலேயே உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுவிட்டது. மெயில் வந்ததைச் சொல்ல வந்தவர், சாட்டில் ஆள் வந்ததைச் சொல்ல வந்தவர், கேம் எல்லாரும் சோப்பு டப்பாவோடு வெளியே நிற்கிறார்கள். மானஸ்தர்கள் உடனே திரும்பிப் போய்விடுவார்கள், அதாவது ஊமையாகிவிடுவார்கள். சிலர் பொறுமையாக வரிசையில் நிற்பார்கள். பாட்டை நிறுத்தியதும், முக்கால் மணி நேரத்துக்கு முன்னால் வந்த செய்திக்கு இப்போது 'டிங்' என்று ஒன்று கேட்கும். அதைக் கேட்டுத் திரையைப் பார்த்தால், பேச வந்தவர் கோபித்துக்கொண்டு போயிருப்பார்.

இதற்குத் தீர்வாக வந்தவைதான் சவுண்டு சர்வர்கள். யோசனை இதுதான்: ஒரு நிரல் மட்டும் கார்டைத் திறந்து வைத்துக்கொள்ளும். மற்ற எல்லா நிரல்களும் தங்கள் ஒலியை அதனிடம் கொடுக்கும். அது கூட்டி ஒன்றாக்கிக் கார்டுக்கு அனுப்பும். நல்ல யோசனை. ஒன்றே ஒன்று வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு இடமிருந்திருக்காது. என்லைட்டன்மென்ட் என்ற விண்டோ மேனேஜரிலிருந்து வந்த இஎஸ்டி என்ற சர்வரை க்னோம் டெஸ்க்டாப் தத்தெடுத்தது. போட்டி டெஸ்க்டாப்பான கேடிஇயின் ஆட்கள் ஸ்டெஃபான் வெஸ்டர்ஃபெல்ட் எழுதிய ஆர்ட்ஸைத் தங்கள் இரண்டாம் பதிப்பில், 2000-ல், சேர்த்தார்கள். ஆர்ட்ஸ் உண்மையில் ஒரு சிந்தசைசர். இசையமைக்கப் பிறந்தது, குப்பைத்தொட்டியைக் காலி செய்யும் 'சர்ரக்' சத்தத்தைப் போடும் வேலைக்கு வந்து சேர்ந்தது. க்னோம் மேசையில் கேடிஇ நிரல் ஒன்றைத் திறந்தால் இரண்டு சர்வர்களும் எழுந்துவிடும். பூட்டைத் திறக்க வந்தவர்கள் இருவர், இப்போது பூட்டுக்காக அவர்களுக்குள்ளேயே அடிதடி. இரண்டையும் அறியாத பழைய நிரல்களை ஏமாற்ற இஎஸ்டிடிஎஸ்பி, ஆர்ட்ஸ்டிஎஸ்பி என்று இரண்டு முகமூடிகள். நிரலின் பெயருக்கு முன்னால் அதைத் தட்டினால், நிரல் கார்டைத் திறப்பதாக நினைத்துக்கொண்டு சர்வரைத் திறக்கும். படம் பார்த்தால் நாயகி வாய் மூடிய பிறகு வசனம் வரும். டப்பிங் படம் பார்த்துப் பழகியிருந்ததால் தாங்க முடிந்தது.

அந்த நாளில் விவரம் தெரிந்தவர்களிடம் போய் இதைப் புலம்பினால், முகத்தில் ஒரு கருணை தோன்றும். "உங்க கார்டுல ஹார்டுவேர் மிக்ஸிங் இருக்கா?" என்று கேட்பார்கள். இல்லை என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. சவுண்டு பிளாஸ்டர் லைவ் வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது என்று பக்கத்தில் இருப்பவர் மெதுவாகச் சொல்வார்.

ஆகவே கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். பழைய கார்டுகளை வாழைக்காய் சீப்பு மாதிரி கட்டிவைத்திருந்த ஒரு சின்னக் கடை. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"போர்டுலயே சவுண்டு வருது தம்பி. கார்டு எதுக்கு? காசு வேஸ்ட்."

"ஒரே நேரத்துல ரெண்டு சத்தம் வரணும்ணே. அதுக்குத்தான்."

"ரெண்டு சத்தமா?" என்றவர் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த தன் கம்ப்யூட்டரில் ஒரு பாட்டைப் போட்டார். அது ஓடும்போதே இன்னொரு பிளேயரைத் திறந்து இன்னொரு பாட்டைப் போட்டார். இரண்டும் சேர்ந்து ஒலித்தன. "இதுல கார்டே கிடையாது. போர்டு சவுண்டுதான். விண்டோஸ் எக்ஸ்பி. இதுல என்ன அதிசயம்?"

அதிசயம்தான். விண்டோஸ் 98 காலத்திலேயே மைக்ரோசாஃப்ட் கே-மிக்ஸர் என்ற ஒரு பகுதியைக் கெர்னலுக்குள் வைத்து இந்தக் கூட்டலைச் சத்தமில்லாமல் போட ஆரம்பித்திருந்தது. அதற்கு யாரும் கொடி பிடிக்கவில்லை, அதைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிக்கவும் இல்லை. நான் லினக்ஸில் வராது என்று விளக்கினேன். அவர் கேட்ட கேள்விக்கு இன்று வரை என்னிடம் சரியான பதில் இல்லை.

"அப்ப லினக்ஸை மாத்துங்க. கார்டை எதுக்கு மாத்துறீங்க?"

கார்டைத்தான் மாற்றினேன். கலிபோர்னியாவின் இ-மியூ நிறுவனம் கீபோர்டு, சாம்ப்ளர் போன்ற இசைக்கருவிகள் செய்து பேர் வாங்கியது. 1993-ல் அதைக் கிரியேட்டிவ் வாங்கிவிட்டது. அவர்கள் வடிவமைத்த இஎம்யூ10கே1 என்ற சில்லு 1998-ல் சவுண்டு பிளாஸ்டர் லைவ் கார்டில் வந்தது. 64 குரல்களை ஒரே நேரத்தில், தானே கலக்கும் சில்லு. பிராசஸர் எண்களை நினைவகத்தில் வைத்தால் போதும். எடுத்து, கூட்டி, ஒலியாக்கி அனுப்புவது அதன் பாடு. ஓஎஸ்எஸ்ஸுக்கு மாற்றாக வந்துகொண்டிருந்த ஆல்சாவுக்கு இந்தக் கார்டின்மேல் தனிப் பிரியம். செக் நாட்டு யரோஸ்லாவ் கிசேலா அதைத் தொடங்கியதே கிராவிஸ் அல்ட்ராசவுண்டு என்ற கார்டுக்கு நல்ல டிரைவர் எழுதுவதற்காகத்தான். அந்த கிராவிஸ் 1992-லேயே 32 குரல்களைக் கார்டிலேயே கலந்தது. ஆல்சாவின் பரம்பரையிலேயே ஹார்டுவேர் மிக்ஸிங் ரத்தம் ஓடியது.

லைவ் கார்டைச் செருகிவிட்டு 'ஏபிளே' என்ற கட்டளையால் பட்டியல் கேட்டால், துணைச் சாதனங்கள் 32/32 என்று வரும். குளியலறை முப்பத்திரண்டு! எல்லாம் காலி! முதல் நாள் இரவு காருகுறிச்சி அருணாசலம் நாகஸ்வரத்தை ஒரு ஜன்னலில் போட்டேன். இன்னொன்றில் இளையராஜா. இன்னொன்றில் ஏதோ ஒரு கேமின் துப்பாக்கிச் சத்தம். அது போதாமல் ஐந்தாறு வேவ் ஃபைல்கள். எல்லாம் ஒலித்தன. எதுவும் எதையும் தடுக்கவில்லை. பிராசஸர் பயன்பாட்டைக் காட்டும் கோடு அசையக்கூட இல்லை. நான் அந்தக் கோட்டைத்தான் பரவசத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா தூக்கத்திலிருந்து எழுந்து வந்து வாசலில் நின்றார்.

"ஏண்டா, எல்லாப் பாட்டையும் ஒண்ணாக் கேக்கணும்னு இங்க யாருடா அழுதா?"

இந்தக் கேள்வியை அன்று நான் தொழில்நுட்ப அறியாமை என்று வகைப்படுத்தினேன்.

இன்று பழைய கார்டுகளைப் பற்றி உருகுபவர்கள் சொல்லாமல் விடும் சில விஷயங்கள் உண்டு. அந்தச் சில்லுக்கு உள்ளே எல்லாமே 48,000 கணக்குதான். சிடிப் பாட்டின் 44,100-ஐ அது வழியிலேயே மாற்றிக்கொள்ளும். 147 எண்கள் இருந்த இடத்தில் 160 எண்களை இட்டு நிரப்பும் வேலை. அதில் தரம் போய்விடுகிறது என்று காது கூர்மையானவர்கள் அன்றே குறைபட்டார்கள். இதையெல்லாம் மன்னிக்க ஒரு காரணம் போதுமானதாக இருந்தது: 'பிஸி' என்ற சொல் திரையிலிருந்து மறைந்திருந்தது.

மறைந்தது அதுமட்டுமில்லை, கார்டும்தான். இன்டெல் 1997-ல் ஏசி'97 என்ற இலக்கணத்தையும் 2004-ல் எச்டி ஆடியோவையும் வகுத்தது. அவற்றின்படி போர்டில் இருக்க வேண்டியது எண்ணை ஒலியாகவும் ஒலியை எண்ணாகவும் மாற்றும் ஒரு சின்னச் சில்லு மட்டுமே. கூட்டல் கழித்தல் எல்லாம் பிராசஸர் பார்த்துக்கொள்ளட்டும். ரிச்சி தெருக்காரர் சொன்ன அதே தத்துவம். கணக்குப் போட்டால் அவர்கள் சொன்னது நியாயம்தான். 32 பாட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு காது, நொடிக்கு 48,000 எண்கள். மொத்தம் 30 லட்சத்துச் சொச்சம் கூட்டல். ஒரு கிகாஹெர்ட்ஸ் பிராசஸரின் கடிகாரம் நொடிக்கு நூறு கோடி தடவை துடிக்கிறது. அதற்கு இந்த வேலை ஒரு கொட்டாவி விடும் நேரம். இதற்காகத் தனியாக ஒரு கார்டு, அதற்கொரு ஸ்லாட், அதற்கொரு டிரைவர் என்பது ஆடம்பரம்.

2007 தொடக்கத்தில் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, கேம்கள் சவுண்டு கார்டின் சில்லை நேரடியாகத் தொட்டுவந்த பாதையை அடைத்துவிட்டது. ஹார்டுவேரில் முப்பரிமாண ஒலி காட்டிய பழைய கேம்கள் திடீரென்று தட்டையாகிப் போயின. கிரியேட்டிவ் 'ஆல்கெமி' என்ற நிரலை விட்டு அவற்றைச் சுற்றுவழியில் பேச வைத்தது. ஹார்டுவேர் கலவையின் கதை அத்தோடு வெகுஜன மேசைகளில் முடிந்தது.

லினக்ஸில் அப்படி ஒரே நாளில் ஒரு கதை முடியாது. 2003 கடைசியில் வந்த 2.6 கெர்னலில் ஆல்சா குடியேறியது. அதோடு டிமிக்ஸ் என்ற ஒரு துணை வந்தது. சர்வரே இல்லாமல், பகிர்ந்த நினைவகத்தில் நிரல்களே தங்கள் எண்களைக் கூட்டிக்கொள்ளும். என் கணிப்பில் இந்த விவகாரத்தில் அதுவரை வந்த மிகப் புத்திசாலித்தனமான யோசனை அதுதான். ஆகவே அதை யாரும் பெரிதாகக் கொண்டாடவில்லை. பக்கத்து வீட்டில் ஃப்ரீபிஎஸ்டி காரர்கள் கெர்னலுக்குள்ளேயே கூட்டலை வைத்துக்கொண்டு நிம்மதியாகப் பாட்டுக் கேட்டார்கள். ஓஎஸ்எஸ்ஸின் நான்காம் பதிப்பும் அப்படியே செய்தது. ஆனால் லினக்ஸ் கெர்னல்காரர்களுக்குக் கெர்னலில் ஒலியைக் கலப்பது ஆசாரக் குறைவு. ஆசாரத்துக்கு ஒரு விலை உண்டு, அதை எப்போதும் மடிக்கு வெளியே இருப்பவர்கள்தான் கொடுக்கிறார்கள்.

இந்த நிலையில் 2004-ல் லெனார்ட் பாட்டரிங் என்ற இளைஞர் பாலிப்ஆடியோ என்ற சர்வரைத் தொடங்கினார். பிறகு அதன் பெயர் பல்ஸ்ஆடியோ. 2007 நவம்பரில் ஃபெடோரா 8, 2008 ஏப்ரலில் உபுண்டு 8.04 ஆகிய லினக்ஸ் தொகுப்புகளின் வழியாக அது எல்லாருடைய மேசைக்கும் வந்து சேர்ந்தது. இதன் பிறகு சில வருடங்கள், லினக்ஸில் ஒலி வரவில்லை என்று யார் எங்கே கேட்டாலும் முதல் பதில் ஒன்றுதான்: பல்ஸ்ஆடியோவைக் கொன்றுவிடு. கொல்வார்கள். அடுத்த நொடியில் வேதாளம் மறுபடி முருங்கை மரத்தில் இருக்கும். யாராவது ஒலி கேட்டால் தானாக எழுந்துகொள் என்று அதற்குக் கட்டளை. வெட்டி வெட்டிக் கை ஓய்ந்தவர்கள் பொதியையே நீக்குவார்கள். நீக்கினால் கூடவே பாதி டெஸ்க்டாப்பும் பெயர்ந்து வரும்.

பாட்டரிங்கின் தரப்பிலும் நியாயம் இருந்தது என்பதை அப்போதே ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. அதுவரை நிரல்கள், கார்டு தரும் மணியோசையைக் கேட்டு எண்களை நிரப்பின. பல்ஸ்ஆடியோ, கார்டு இப்போது எந்த இடத்தில் வாசிக்கிறது என்று டிரைவரைக் கேட்டு, நேரத்தைக் கணித்து, தேவைப்படும்போது மட்டும் எழுந்து நிரப்பியது. மடிக்கணினி பேட்டரிக்கு நல்லது. ஆனால் பல டிரைவர்கள் இந்தக் கேள்விக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தன. அதுவரை யாரும் கேட்டதில்லை, ஆகவே பொய் வெளியில் தெரிந்ததில்லை. பாட்டு விக்கியபோது, பொய் சொன்னவனை விட்டுவிட்டுக் கேள்வி கேட்டவனை அடித்தோம். 'சமதள வால்யூம்' என்று அவர் கொண்டுவந்த ஏற்பாட்டுக்கு மட்டும் என் மன்னிப்பு இன்னும் தயாராகவில்லை. ஏதாவது ஒரு நிரல் தன் ஒலியை முழுசாக உயர்த்திக்கொண்டால் மொத்தக் கார்டின் ஒலியும் கூடவே உயரும். நள்ளிரவில் ஹெட்ஃபோனில் அதை அனுபவித்தவர்கள் அதை ஒரு வடிவமைப்புத் தத்துவம் என்று சொல்ல மாட்டார்கள்.

அந்த வருடங்களில் ஒரு ஃப்ளாஷ் வீடியோவின் ஒலி என் ஸ்பீக்கருக்கு வந்த வழியைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஃப்ளாஷுக்கு ஆல்சா மட்டும்தான் தெரியும். ஆகவே ஆல்சாவிடம் கொடுக்கும். ஆல்சா அதை வாங்கி, ஒரு செருகுநிரல் வழியாக பல்ஸ்ஆடியோவிடம் கொடுக்கும். பல்ஸ்ஆடியோ அதைக் கூட்டிக் கலந்து, கார்டுக்கு அனுப்புவதற்காக ஆல்சாவிடம் கொடுக்கும். மனு கொடுத்த ஜன்னலுக்கே சுற்றிவந்து முத்திரை வாங்கும் இந்த நடைமுறையை எந்த அரசு அலுவலகமும் கண்டு வெட்கப்படும்.

பைப்வயர் என்ற புது சர்வர் இந்தக் குழப்பத்தை முடித்து வைத்தது. இதைச் சொல்லும்போது எனக்கே வருத்தமாக இருக்கிறது, குறை சொல்ல அதிகம் இல்லை. ஜிஸ்ட்ரீமர் என்ற மீடியா நூலகத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான விம் டேமன்ஸ் இதை எழுதினார், முதலில் வீடியோவுக்காக. 2021 ஏப்ரலில் ஃபெடோரா 34-ல் ஒலிக்கும் அதுவே பொறுப்பேற்றது. அடுத்த வருடம் உபுண்டு 22.10-லும் அப்படியே. பைப்வயரின் 1.0 பதிப்பு வந்தது 2023 நவம்பரில். அதன் சாமர்த்தியம் யாரையும் மாறச் சொல்லாததில் இருக்கிறது. பல்ஸ்ஆடியோவிடம் பேச வந்தவரிடம் பல்ஸ்ஆடியோவாகவே பேசும். ஸ்டூடியோக்காரர்கள் பயன்படுத்தும் ஜேக் சர்வரைத் தேடி வந்தால் ஜேக்காக நிற்கும். ஆல்சாவைக் கேட்டால் ஆல்சா. எதிரில் இருப்பது யார் என்று எந்த நிரலுக்கும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. என் மேசையில் அது வந்து உட்கார்ந்ததை நானே பல மாதம் கழித்துத்தான் கவனித்தேன்.

ஆக, இப்போது எத்தனை ஒலியை வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் கேட்கலாம். எந்தக் கார்டும் தேவையில்லை, எந்தக் கட்டளையும் தட்ட வேண்டியதில்லை. இந்தச் சுதந்திரத்தை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்று பார்த்தால், நாளெல்லாம் இரண்டாவது ஒலியை ஒழிக்கப் பாடுபடுகிறோம். எங்கோ ஒரு டேப்பில் விளம்பரம் கத்துகிறது. எந்த டேப் என்று கண்டுபிடிக்க பிரவுசர்காரர்கள் டேபின் மேல் ஸ்பீக்கர் படம் போட வேண்டியிருக்கிறது. 'டிங்' வராமல் இருக்க 'தொந்தரவு செய்யாதே' பொத்தான். ஒரு 'டிங்'குக்காக ரிச்சி தெரு வரை போன ஆளுக்கு இதை அழுத்தும்போது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்யும்.

அக்கா பையன் வீட்டிலிருந்தே வேலை செய்பவன். ப்ளூடூத் ஹெட்செட்டில் அவன் பாட்டுக் கேட்கும்போது ஒலி அபாரமாக இருக்கும். மீட்டிங் தொடங்கி மைக் திறந்ததும் அதே ஹெட்செட் பழைய டெலிபோன் ஆகிவிடும். இசைக்கு ஒரு வழி, பேச்சுக்கு வேறு வழி என்று ப்ளூடூத்தில் ஏற்பாடு. பேச்சு வழியில் இரண்டு காதுக்கும் ஒரே ஒலி, நொடிக்கு 8,000 அல்லது 16,000 எண்கள். 1998-ன் லைவ் கார்டில் பாட்டுக் கேட்டுக்கொண்டே மைக்கில் பேசினால் பாட்டின் தரம் குறையாது. இதை நான் சொன்னபோது அவன் மரியாதைக்காகத் தலையாட்டினான்.

ஒருநாள் அவன் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்க, சமையலறையில் குக்கர் விசில் வீடதிர அடித்தது. நான் பதறிப்போய் அடுப்பை அணைத்தேன்.

"எதுக்கு மாமா அணைச்சீங்க? கால்ல யாருக்கும் கேக்கலையே" என்றான் வெளியே வந்து.

உண்மைதான். ஜான் மார்க் வாலன் 2017-ல் ஆர்என்நாய்ஸ் என்று ஒன்றை வெளியிட்டார். நியூரல் வலையைப் பயிற்றுவித்து, பேச்சை வைத்துக்கொண்டு இரைச்சலை நீக்கும் நிரல். அதைப் பைப்வயரில் ஒரு வடிகட்டியாகச் செருகலாம். அவனும் அதைத்தான் செருகியிருந்தான். இதே வாலன் எழுதிய ஸ்பீக்ஸ் நூலகத்தை வைத்துத்தான் பல்ஸ்ஆடியோ 44,100-ஐ 48,000 ஆக மாற்றிக் கூட்டிக்கொண்டிருந்தது. கூட்டுவதற்கு உதவியவர் இப்போது கழிப்பதற்கும் உதவுகிறார். கூட்டலைப் போல இது மூன்றாம் வகுப்புக் கணக்கு இல்லை. கலந்த ஒலியிலிருந்து விசிலைப் பிரித்தெடுக்க, பிராசஸர் உண்மையிலேயே உழைக்க வேண்டும். பயன்பாட்டுக் கோடு இப்போது அசைகிறது. இதற்கென்றே தனிச் சில்லு போட்டுக் கம்ப்யூட்டர் விற்க ஆரம்பித்திருக்கிறார்கள். பிராசஸரே பார்த்துக்கொள்ளும், கார்டு எதுக்கு என்று ரிச்சி தெருக்காரர் இதற்கும் சொல்வாரா தெரியவில்லை.

என் லைவ் கார்டு இன்னும் இருக்கிறது. இன்றைய போர்டுகளில் அதற்கான பிசிஐ ஸ்லாட் கிடையாது. ஸ்லாட் உள்ள பழைய கம்ப்யூட்டர் ஒன்றைப் பரணிலிருந்து இறக்கி, அக்கா பையன் அதில் புது லினக்ஸ் ஏற்றினான். கெர்னலில் அந்தக் கார்டுக்கான டிரைவர் இன்னும் உயிரோடு இருக்கிறது, முதல் தடவையிலேயே அடையாளம் கண்டுகொண்டது. பாட்டு ஒன்று, வீடியோ ஒன்று, இன்னும் நாலைந்து ஒலிகளைச் சேர்த்து ஓடவிட்டு 'ஏபிளே'யில் பட்டியல் கேட்டேன். துணைச் சாதனங்கள் 31/32. பைப்வயர் ஒரே ஒரு வாயிலைத் திறந்துகொண்டு, எல்லாக் கூட்டலையும் பிராசஸரில் தானே போட்டு, ஒற்றை வரிசையாக அந்தச் சில்லிடம் கொடுத்துக்கொண்டிருந்தது.

"மீதி முப்பத்தொண்ணும் சும்மாவா மாமா இருக்கு?"

"ஆமா."

"விண்டோஸ் 98 மெஷின் கட்டிப் பழைய கேம் ஆடுறவங்க இதைத் தேடி வாங்குறாங்க. போட்டோ எடுத்துப் போடட்டுமா?"

விலையைக் கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.